குளியலறைக்கும் ஓர் அஷ்டபந்தனம்

திருவண்ணாமலையில் மாட வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் குளியல் என்பது கொல்லைப்புறத்துக் காரியம். கிணற்றடியில் ஒரு துவைகல், பக்கத்தில் கருங்கல் பாவிய சிறு தளம், மறைப்புக்கு ஒரு கீற்றுத் தட்டி. ஊற்றிய தண்ணீர் வாழைக்குப் போகும். மிச்சத்தை மண் குடித்துக்கொள்ளும். அடியில் யாருடைய கூரையும் இல்லாததால் கசிவு என்ற கவலையே அங்கே எழவில்லை.

இன்று அதே ஊரில் குளியல் மாடி ஏறிவிட்டது. கிரிவலப் பாதை நெடுக எழும்பியிருக்கும் விடுதிகளிலும், பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்கு அறை விடும் வீடுகளிலும் அறைக்கு ஒன்றாகக் குளியலறை, அதில் ஒரு ஷவர். ஒருவர் படுக்கைக்கு நேர் மேலே இன்னொருவர் குளிக்கிறார். இருவருக்கும் நடுவில் இருப்பது ஐந்து அங்குலக் கான்கிரீட், கொஞ்சம் கலவை, ஒரு வரிசை டைல்ஸ். அவ்வளவுதான்.

அந்தத் தளத்தின்மேல் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். ஐந்தடிக்கு ஏழடி என்பது நம் வீடுகளில் வழக்கமான குளியலறை. பரப்பு 35 சதுர அடி, அதாவது 3.25 சதுர மீட்டர். நாலு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு 30 லிட்டர் என்று வைத்தால், நாளுக்கு 120 லிட்டர். மழையை அளக்கும் முறையில் சொன்னால் இது அன்றாடம் 37 மில்லிமீட்டர். ஆண்டுக்கு ஏறத்தாழ 13,500 மில்லிமீட்டர். உலகிலேயே மிக அதிக மழை பெறும் ஊராகச் சொல்லப்படும் மேகாலயத்தின் மௌசின்ராமுக்குக்கூட ஆண்டுச் சராசரி 11,900 மில்லிமீட்டர் அளவில்தான். திருவண்ணாமலைக்குக் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,000. வீட்டுக்குள் மௌசின்ராமைக் கட்டிவைத்துக்கொண்டு, அதைச் சமையலறைக்குச் செய்யும் அளவு ஏற்பாட்டோடு விட்டுவிடுகிறோம்.

மொட்டை மாடிக்கு நம்மவர்கள் எத்தனை பாடுபட்டிருக்கிறார்கள்! செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். ஆண்டுக்கு ஐம்பது நாள் போல நனையும் தளத்துக்கு இவ்வளவு உழைப்பு. 365 நாளும் நனையும் தளத்துக்குப் பல வீடுகளில் ஒரு சுற்றுச் சிமென்ட் பால் ஊற்றியதோடு வேலை முடிந்துவிடுகிறது.

தண்ணீர் நுழையும் இடம்

டைல்ஸின் மேற்பூச்சு சூளையில் உருகிப் படிந்த கண்ணாடி. அதன் வழியாகத் தண்ணீர் இறங்க முடியாது. இறங்குவது இரண்டு டைல்ஸ் சேரும் இடத்தில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த இணைப்பில். நம் பக்கத்தில் அங்கே பெரும்பாலும் வெள்ளை சிமென்டைக் கரைத்து இழைத்திருப்பார்கள்.

சிமென்ட் காய்வதால் கெட்டிப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தண்ணீரோடு வேதிவினை புரிந்து கெட்டிப்படுகிறது. அந்த வினை முழுமையாக நடக்கச் சிமென்டின் எடையில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு தண்ணீர் இருந்தால் போதும். வேலை சுலபமாக ஓட வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைக்கும்போது, மிகுதியான தண்ணீர் பின்னால் ஆவியாகிவிடும். அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாக எஞ்சும். கண்ணுக்கு வழவழவென்று தெரியும் அந்த வெள்ளைக் கோடு முழுக்கத் துளை.

நுண்துளைக்குள் தண்ணீர் நடந்துகொள்ளும் விதம் வேறு. தலைமுடி பருமனுள்ள குழாயில் அது யாரும் ஏற்றாமலே 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறும். அந்தப் பருமனில் ஏழில் ஒரு பங்கே உள்ள துளையில், கணக்குப்படி, மூன்று மீட்டர் ஏறும். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில், படுக்கையறையில், முழங்கால் உயரத்துக்கு ஓதம் அடித்திருப்பதற்கு இதுவே காரணம். ஏறிய தண்ணீர் சுவரின் முகத்துக்கு வந்து ஆவியாகிறது. கரைத்துக் கொண்டுவந்த உப்பைக் காரைக்குள்ளேயே விட்டுவிடுகிறது. உப்புப் படிகம் வளரும்போது காரையை உள்ளிருந்து பிளக்கிறது. பெயின்ட் கொப்பளிப்பதும், சுவர் பொரிந்து உதிர்வதும், வெள்ளையாகப் பூப்பதும் இந்த ஒரே நிகழ்வின் முகங்கள். அதன்மேல் எத்தனை முறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தாலும் அடுத்த கார்த்திகைக்குள் திரும்ப வரும்.

தரையில் நடப்பது இன்னும் மோசம். கழிவுக் குழாய்களை மறைப்பதற்காகக் குளியலறைத் தளத்தை ஓரடி போலத் தாழ்த்திக் கட்டி, அந்தப் பள்ளத்தை உடைசெங்கல்லும் மணலும் போட்டு நிரப்புவது வழக்கம். சங்கன் ஸ்லாப் என்று கட்டடக்காரர்கள் சொல்வது இதைத்தான். 3.25 சதுர மீட்டர் பரப்பில் ஓரடி ஆழம் என்றால் ஒரு கன மீட்டர் நிரப்பு. அதில் முப்பது விழுக்காடு வெற்றிடம் என்று வைத்துக்கொண்டாலும் 300 லிட்டர் தண்ணீர் யார் கண்ணிலும் படாமல் அங்கே நிற்க இடமிருக்கிறது. மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் வரும் சண்டையின் வேர் இந்தப் பள்ளம். “மேல குளிச்சா கீழ சொட்டுதுங்க” என்று கீழ்வீட்டுக்காரர் சொல்வார். “எங்க பாத்ரூம் காய்ஞ்சுதான் கெடக்கு, வந்து பாருங்க” என்பார் மேல்வீட்டு அம்மா. இருவர் சொல்வதும் உண்மை. இன்று கீழே சொட்டுவது போன மாதம் குளித்த தண்ணீராக இருக்கலாம்.

கருவறை சொல்லித்தரும் பாடம்

அன்றாடம் நனையும் கட்டடத்தை எப்படிப் பேணுவது என்பதற்கு இந்த ஊரின் நடுவிலேயே விடை இருக்கிறது. அருணாசலேஸ்வரர் கோயிலில் அபிஷேகம் நிற்பதில்லை. தண்ணீர், பால், தயிர், தேன், இளநீர், சந்தனம் என்று நூற்றாண்டுகளாகக் கல்லின்மேல் ஈரம் விழுந்துகொண்டே இருக்கிறது. நம் ஸ்தபதிகள் இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு மூன்று படி கொண்டது.

முதலாவது வாட்டம். சிவாலயங்களில் ஆவுடையாரின் வாய் வடக்கு நோக்கி நீண்டிருக்கும். விழுந்த தண்ணீர் அதன் வழியே இறங்கி, தரையின் சரிவில் ஓடி, வடக்குச் சுவரில் இருக்கும் கோமுகி வழியாக வெளியேறிவிடும். தேங்கி நின்று யோசிக்க அதற்கு நேரமே தருவதில்லை.

இரண்டாவது, இடுக்கை அடைக்கும் மருந்து. லிங்கமும் பீடமும் தனித்தனிக் கற்கள்; சேரும் இடத்தில் சந்து இருக்கும். அதற்குள் ஈரம் இறங்காதபடி அஷ்டபந்தனம் சாத்துகிறார்கள். கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் சேர்த்து, மெழுகுப் பதம் வரும்வரை இடித்து இடித்துச் செய்வது. ஒரு வேதியியலாளர் இந்தப் பட்டியலைப் பார்த்தால் வியந்துபோவார். அரக்கும் குங்கிலியமும் பிசின்கள், அவை கல்லைப் பற்றிக்கொள்ளும். மெழுகும் வெண்ணெயும் அந்தப் பிசின் நொறுங்காமல் இளக்கம் தரும், நீரையும் விலக்கும். சுக்கானும் காவியும் இடத்தை நிரப்பிச் சுருக்கத்தைக் குறைக்கும். பஞ்சின் இழை விரிசல் ஓடாமல் பிடிக்கும். இன்று ஹார்டுவேர் கடையில் குழலில் அடைத்து விற்கும் சிலிக்கான் சீலன்டிலும் இதே பங்கீடுதான்: பற்றிக்கொள்ள ஒரு பாலிமர், இளக்கத்துக்கு ஓர் எண்ணெய், நிரப்புவதற்குக் கனிமப் பொடி. (அஷ்டபந்தனத்தை வீட்டில் செய்து பார்க்க யாரும் முனைய வேண்டாம், சாதிலிங்கம் பாதரசச் சேர்மம்.)

மூன்றாவது ஏற்பாட்டைத்தான் நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். 12 ஆண்டுக்கு ஒருமுறை பழைய மருந்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சாத்த வேண்டும் என்று வகுத்து வைத்தார்கள். திருவண்ணாமலையில் 2017 பிப்ரவரி 6 அன்று மகா கும்பாபிஷேகம் நடந்தது. திருமலையில் 2018 ஆகஸ்டில் அஷ்டபந்தனச் சடங்கு நடந்தது. ஆகமத்துக்கு இதில் இருக்கும் பொருள் வேறு, அது பெரிது. கட்டடம் அறிந்தவர் கண்ணுக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது: கல் நிற்கும், இடுக்கில் வைத்த மருந்து முதுமையடையும். அது கெட்டுத் தண்ணீர் இறங்கும்வரை காத்திருக்காமல், நாள் குறித்து மாற்றிவிடுகிறார்கள்.

நம் குளியலறையில் வாட்டம் ஓரளவு உண்டு. இடுக்கு மருந்து அரைகுறை. நாள் குறித்து மாற்றுவது அறவே கிடையாது.

மூன்று இடுக்குகள்

தரையும் சுவரும் சேரும் மூலை முதல் இடுக்கு. சுவரும் தளமும் தனித்தனியே அசைகின்றன. ஆள் ஏறினால் தளம் நூலளவு வளையும், கீஸர் தண்ணீர் பட்டால் டைல்ஸ் விரியும், இரவில் சுருங்கும். அந்த மூலையில் இறுகிப்போன சிமென்டை வைத்தால் விரிசல் விடாமல் வேறு வழியில்லை. அங்கே நீண்டு சுருங்கக்கூடிய சீலன்ட்தான் வேண்டும். நல்ல சிலிக்கான் தன் அகலத்தில் 25 விழுக்காடு வரை அசைவைத் தாங்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பூசும்போது காடி நெடி அடிக்கும் ரகம் கெட்டியாகையில் அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும், சிமென்டுக்கும் கல்லுக்கும் அது ஆகாது. நியூட்ரல் ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, தளத்தைத் துளைத்துக்கொண்டு கழிவுக் குழாய் இறங்கும் இடம். வெப்பத்துக்கு பி.வி.சி. குழாய் கான்கிரீட்டைக் காட்டிலும் ஆறு மடங்கு போல விரிந்து சுருங்கும். நாளுக்கு நாலு முறை சுடுதண்ணீர் இறங்கும் குழாயைச் சுற்றி, சில வருடங்களில், வளையமாக ஒரு சந்து திறந்துகொள்ளும். தரையில் தண்ணீர் இறங்கும் நஹானி டிராப்பின் சல்லடையைத் தூக்கி, டார்ச் அடித்து, விளிம்பைப் பார்த்தால் தெரியும். கீழ்வீட்டுக் கூரையில் வட்டமாகக் கறை விழுந்தால் பெரும்பாலும் குற்றவாளி இதுதான்.

மூன்றாவதை யாரும் நினைப்பதில்லை. சுவரில் ஷவர் குழாயும் அதன் திருகும் வெளிவரும் இடத்தில் வட்டமான எவர்சில்வர் தட்டு ஒன்று மூடியிருக்கும். அதன் பின்னால் டைல்ஸில் ஓட்டை போட்டபடியே கிடக்கும். ஷவர் தண்ணீர் சுவரில் வழிந்து நேராக அந்த ஓட்டைக்குள் போகும். தட்டைச் சுற்றிச் சீலன்ட் இழைத்துவிடுங்கள். ஆனால் அடிப்பக்கத்தில் ஒரு விரல்கடை இடம் திறந்தே இருக்கட்டும். உள்ளே குழாய் கசிந்தால் அந்த வழியாக வெளியே வந்து உங்களுக்குச் செய்தி சொல்லும்.

பாறையிலிருந்து கம்பி வரை

இந்த ஊரின் தனிச் சிக்கல் இனிமேல்தான் வருகிறது. திருவண்ணாமலை மாவட்டம் பெரும்பாலும் கடும்பாறை நிலம். நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளிலும், பாறை சிதைந்து மக்கிய மேல் அடுக்கிலும் தங்குகிறது. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அங்கிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகி, பாறையின் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் மெல்ல மெல்லக் கரைக்கிறது. தென்பெண்ணையில் 1958-இல் கட்டி முடித்த சாத்தனூர் அணையிலிருந்து நகருக்குக் குடிநீர் வருகிறது. ஆனால் குளிக்கவும் துவைக்கவும் பெரும்பாலான வீடுகளில் போர் தண்ணீர்தான். உப்புத் தண்ணி என்று மக்கள் சொல்வது இதை.

இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு ஏற்கத்தக்க கடினத்தன்மையாக லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது; வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை. உங்கள் வீட்டுத் தண்ணீரில் 400 இருக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் சுவரிலும் தரையிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும் தண்ணீர் 200 மில்லி அளவுக்கு இருக்கும். அது அப்படியே ஆவியானால் 80 மில்லிகிராம் சுண்ணாம்பு உப்பு பின்தங்கும். நாலு பேர், முப்பது நாள் என்றால் 10 கிராமுக்குப் பக்கத்தில். சோப்பும் இந்தக் கால்சியமும் சேர்ந்தால் கரையாத பிசுக்கு ஒன்று உண்டாகி அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். டைல்ஸ் மங்கி, வெள்ளையும் மஞ்சளுமாகத் திட்டு விழுகிறது.

பண்டிகைக்கு முன்னால், அல்லது பௌர்ணமிக்கு ஆள் வருகிறார்கள் என்றால், நாம் என்ன செய்கிறோம்? கடையில் ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி ஊற்றுகிறோம். நுரைத்துப் பொங்குகிறது. அழுக்கு போகிறது என்று மகிழ்கிறோம். டைல்ஸும் பளிச்சென்று ஆகிவிடுகிறது.

பொங்குவது கரியமில வாயு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கால்சியம் கார்பனேட்டைத் தாக்கும்போது வருவது. அமிலத்துக்கு டைல்ஸ் மேல் படிந்த சுண்ணாம்புக்கும் இணைப்பில் இருக்கும் சிமென்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கண்ணாடிப் பூச்சை அது தொடாது, இணைப்பைத் தின்னும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக. சில ஆண்டுகள் ஆசிட் ஊற்றிய குளியலறையில் விரல் நகத்தால் இணைப்பைக் கீறிப் பாருங்கள், மணலாக உதிரும். அழுக்கை எடுப்பதாக நினைத்துக் கூரையின் மூடியைத் திறந்துவிட்டோம்.

அதோடு முடியவில்லை. வினை முடிந்த பிறகு மிஞ்சுவது கால்சியம் குளோரைடு. நன்றாகக் கரையும். திறந்த இணைப்பு வழியே தண்ணீரோடு கீழே இறங்குகிறது. கீழே கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறது. புதுக் கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது, அதன் பி.எச். மதிப்பு 12.5-க்கும் மேல். அந்தக் காரத்தில் இரும்பின்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலிருக்கும் கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊடுருவி இந்தக் காரத்தைக் குறைப்பது இயல்பான முதுமை. ஆனால் குளோரைடு அதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. காரம் மாறாமல் இருக்கும்போதே அந்தப் படலத்தை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துளைத்துவிடும். கடலோரக் கட்டடங்கள் சீக்கிரம் கெடுவதற்கும் குளோரைடுதான் காரணம். கடலிலிருந்து வெகுதொலைவில், மலையடிவாரத்தில் இருந்துகொண்டு, நாமே பாட்டிலில் வாங்கி ஊற்றுகிறோம்.

துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் மறைப்பு 20 மில்லிமீட்டர் போலத்தான். அந்த நெருக்கலைத் தாங்க முடியாமல் முதலில் கம்பி போன வழியே நீளமாக விரிசல் விழும், அப்புறம் பழுப்புக் கறை, அப்புறம் ஒருநாள் பாளமாகப் பெயர்ந்து கட்டிலில் விழும். கீழ்வீட்டில் மின்விசிறிக் கொக்கியிலிருந்தோ விளக்கின் பெட்டியிலிருந்தோ சொட்டினால் இன்னும் ஆபத்து. தண்ணீர் மின்கம்பிக் குழாய்க்குள் போய்விட்டது என்று பொருள். அந்த இணைப்பை உடனே துண்டிக்க வேண்டும். மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் பொருத்தவும் வேண்டும்.

கறையை மறைக்க ஃபால்ஸ் சீலிங் போடுகிற பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கூரை நமக்குக் காட்டும் ஒரே அடையாளம் அந்தக் கறைதான். அதை மூடிவிட்டால் துரு தன் போக்கில் வேலை செய்யும். பூஞ்சையும் வளரும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லையும் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது.

ஆசிட்டைப் பற்றி இன்னொன்று. பிளீச்சிங் பவுடர் போட்ட தரையில் ஆசிட் ஊற்றவே கூடாது. வெளிவருவது குளோரின் வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் படைவீரர்களைக் கொல்லத் திறந்துவிட்ட அதே வாயு. சன்னல் சாத்திய சின்னக் குளியலறையில் அதைச் சுவாசித்து மயங்கி விழுகிறவர்கள் இன்றும் உண்டு.

ஆசிட் இல்லாமல் என்ன செய்வது? கறை படியவிடாமல் இருப்பதே வழி. கடைசியாகக் குளிக்கிறவர் ரப்பர் வைப்பரால் சுவரையும் தரையையும் ஒருமுறை இழுத்துவிட்டால், அந்த 200 மில்லியில் பெரும்பகுதி சல்லடைக்குள் போய்விடும். உப்பு படிய வாய்ப்பில்லை; இணைப்பும் காயும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், இல்லையென்றால் கதவைத் திறந்து வையுங்கள். படிந்துபோன கறையைச் சோப்பு அல்லாத டிடர்ஜென்ட் கரைசலும் நைலான் பிரஷும் கொண்டு மெல்ல மெல்லத் தேய்த்துக் குறைக்கலாம், பொறுமைதான் வேண்டும்.

ஷவரும் குழாயும்

ஷவர் தலையில் பாதித் துளை அடைத்திருந்தால் தண்ணீர் பக்கவாட்டில் பீறிட்டுக் கதவுச் சட்டத்தையும் சுவரின் மேற்பகுதியையும் நனைக்கும். டைல்ஸ் இல்லாத உயரம் வரை ஈரம் போகும். தலையைக் கழற்றி, வினிகரோ எலுமிச்சைச் சாறோ கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் துளைகள் திறந்துகொள்ளும். இந்த மென்மையான அமிலத்தையும் வாளிக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும், தரையில் வழியவிடக் கூடாது. திரும்ப மாட்டும்போது பழைய டெஃப்லான் டேப்பை முழுக்க உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள். கையால் இறுக்கியபின் ஸ்பேனரால் கொஞ்சம் திருப்பினால் போதும். பலம் காட்டினால் சுவருக்குள் இருக்கும் இணைப்பு விரிந்துவிடும், அது வெளியே தெரியவும் தெரியாது.

பிரஷர் பம்ப் வைக்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். டேங்க் தண்ணீர் ஷவருக்குப் பத்தடி உயரத்தில் இருந்தால் அழுத்தம் 0.3 பார். பம்ப் அதை ஒன்றரை, இரண்டு பாராக ஆக்குகிறது. 0.3 பாரில் சொட்டாமல் இருந்த பழைய வாஷரும் திருகு இணைப்பும் ஐந்து மடங்கு அழுத்தத்தில் சொட்டும். அரைச் சுற்றில் மூடும் குழாயைப் படக்கென்று மூடினால் ஓடிவந்த தண்ணீர் முட்டி நின்று, கணநேரம், குழாய்க்குள் இன்னும் பல பார் அழுத்தத்தை எழுப்பும். சுவருக்குள் ‘டொக்’ என்று கேட்கும் சத்தம் அதுதான். குழாயை நிதானமாக மூடுவதற்குப் பிள்ளைகளைப் பழக்கலாம்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க

டைல்ஸை உடைப்பதற்கு முன் மூன்று சந்தேகங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வரும் குழாயில் கசிவென்றால் யாரும் குளிக்காவிட்டாலும் இருபத்துநாலு மணி நேரமும் ஈரம் இருக்கும். இரவில் எல்லாக் குழாயையும் மூடி, மோட்டார் போடாமல், டேங்கின் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் குளியலறைக்கு வரும் கேட் வால்வை மட்டும் மூடி மறுநாள் இரவு திரும்பச் செய்யுங்கள். இப்போது மட்டம் நிற்கிறதென்றால் கசிவு குளியலறைப் பக்கம். வால்வைத் தாண்டி விநாடிக்கு ஒரு சொட்டு மட்டும் கசிந்தாலே நாளுக்கு நாலு லிட்டர் போகும்.

டேங்க் மட்டம் மாறவில்லை, ஆனாலும் கீழே ஈரம் என்றால் அது தரையோ கழிவுக் குழாயோ. சல்லடையை ஈரத்துணியும் பிளாஸ்டிக் பையும் கொண்டு இறுக அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீர் கட்டி, அதில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து, 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். கீழே நீலம் தெரிந்தால் தரை இணைப்பு போய்விட்டது. தெரியாவிட்டால் அடைப்பை எடுத்து அந்தத் தண்ணீர் முழுவதையும் ஒரேயடியாக இறக்குங்கள். அதன்பிறகு ஈரம் கூடினால் கழிவுக் குழாயைப் பார்க்க வேண்டும். புது வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் ஒட்டும் முன்பே இந்தத் தண்ணீர் கட்டும் சோதனையைச் செய்துவிட வேண்டும். கொத்தனார் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். சங்கன் ஸ்லாபின் அடியில், வெளிச்சுவர்ப் பக்கம், ஒரு சிறு குழாயையும் வைக்கச் சொல்லுங்கள். பள்ளத்தில் தண்ணீர் சேர்ந்தால் கூரை வழியாக இறங்காமல் அது வழியாக வெளியே வரும். கோமுகிக்கு இருக்கும் அதே வேலை.

எப்போது, எப்படிச் செப்பனிடுவது

கம்பி தெரிகிற அளவுக்குக் கூரை பெயர்ந்திருந்தால் அது பொறியாளர் பார்க்க வேண்டிய வேலை. துருவைச் சுத்தமாக எடுக்காமல் மேலே காரை பூசுவது வீண். கீழிருந்து எதைப் பூசினாலும் மேலிருந்து வரும் தண்ணீர் நிற்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அந்த நிலைக்குப் போகாத குளியலறைக்குத் தரையை உடைக்கத் தேவையில்லை. பழைய வெள்ளை சிமென்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, காயவைத்து, எபாக்ஸி கிரவுட் நிரப்பினால் போதும். சிமென்டைவிட விலை அதிகம், இழைப்பதும் கடினம். ஆனால் அதில் நுண்துளை மிகக் குறைவு, அமிலத்துக்கும் ஓரளவு தாங்கும். மூலைகளிலும் குழாய் விளிம்பிலும் எபாக்ஸி வேண்டாம், அங்கே சிலிக்கான். இரண்டுக்கும் ஒரே நிபந்தனை: இடம் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர இடுக்கில் வைத்த சீலன்ட் ஒட்டியதுபோல் தோன்றி ஆறு மாதத்தில் உரிந்துவரும்.

அதனால் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடக் கூடாது. வடகிழக்குப் பருவமழை, காற்றெல்லாம் ஈரம், தீபத்துக்கு வரும் கூட்டத்தால் அறைகளுக்கும் ஓய்வில்லை. மாசி, பங்குனி தோதான காலம். சித்ரா பௌர்ணமிக் கூட்டத்துக்கு முன்பே முடித்துவிடலாம். குளியலறையை மூன்று நாள் பயன்படுத்தாமல் ஃபேன் போட்டுக் காயவிட்டு, பிறகு பூசி, சிலிக்கானுக்கு ஒரு முழு நாளும் எபாக்ஸிக்கு டப்பாவில் சொன்ன நாளும் கொடுத்துவிட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும். வீட்டுச் சிலிக்கான் அஷ்டபந்தனம்போல 12 ஆண்டு நிற்காது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பௌர்ணமிதோறும் அறை விடுகிறவர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை. பூசிய மாதத்தையும் ஆண்டையும் கதவின் உட்பக்கம், மேல்சட்டத்தில், அழியாத மையால் எழுதி வையுங்கள். அடுத்து வரும் கொத்தனாருக்கும், வீடு கைமாறினால் வாங்குகிறவருக்கும் அது வேண்டியிருக்கும்.